அவய்ங்க வந்தாய்ங்க, போன் எழுதியது அவர்கள் வந்தார்கள்

மதுரை மேலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கேள்வியின் சாரம் இது: “எங்க அப்பத்தா சொல்லும் கதைகளையும் என் மனசில் ஓடும் கதைகளையும் எழுத ஆசை. தமிழ் டைப்பிங் வேகமாக வராது. போனில் பேசினால் பாதி சரியாக வருகிறது, மீதி வேறு ஏதோ வருகிறது. செய்தி வாசிப்பது மாதிரி பேசினால் நன்றாக வருகிறது, ஆனால் கதை என்னுடையது மாதிரி இல்லை. என்ன செய்யலாம்? தனியாக மைக் வாங்க வேண்டுமா? வாயால் சொல்லி எழுதினால் அது எழுத்து என்று ஆகுமா?”

கடைசிக் கேள்வியில் பெரிய சிக்கல் இல்லை, அதை முதலில் முடித்துவிடலாம். ஆகும். தம்பி, உங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் திருவாதவூர் இருக்கிறது, மாணிக்கவாசகர் பிறந்த ஊர். தில்லையில் அவர் சொல்லச் சொல்ல, அந்தணர் உருவில் வந்த சிவபெருமான் ஏட்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டார் என்பதுதான் திருவாசகத்தைப் பற்றி வழங்கும் கதை. வியாசர் சொல்ல விநாயகர் எழுதிய கதையும் தெரிந்ததுதான். எழுதிக்கொண்டவர் கடவுளே ஆனாலும், சொன்னவரைத்தான் ஆசிரியர் என்று நம் ஆட்கள் வைத்திருக்கிறார்கள். வெளிநாட்டில் பார்த்தால், தஸ்தயெவ்ஸ்கி 1866-ல் ஒரு நாவல் முழுவதையும் சுருக்கெழுத்துத் தெரிந்த ஒரு பெண்ணிடம் 26 நாளில் சொல்லி முடித்தார். அடுத்த வருஷம் அந்தப் பெண்ணையே கல்யாணமும் செய்துகொண்டார்.

நமக்கு அதைவிடப் பயன்படுகிற உதாரணம் ஹென்றி ஜேம்ஸ். மணிக்கட்டு வலி தாங்காமல் 1897-ல் டைப்பிஸ்ட்டிடம் வாயால் சொல்ல ஆரம்பித்தார். அதற்குப் பிறகு அவர் வாக்கியங்கள் நீண்டு, வளைந்து, ஒன்றுக்குள் ஒன்று புகுந்து போயின என்று சொல்வார்கள். அதாவது எதைக் கொண்டு எழுதுகிறோமோ அது நடையை மாற்றும். போனும் உங்கள் நடையை மாற்றும். எந்தப் பக்கம் மாற்றுகிறது என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

அதற்கு, பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. உங்கள் குரலை வினாடிக்கு 16,000 தடவை அளக்கும். அதை 25 மில்லி வினாடி அளவுக்குச் சின்னத் துண்டுகளாகப் பார்த்து, எந்த அலைவரிசையில் எவ்வளவு பலம் என்று கணக்கெடுக்கும். அதிலிருந்து இது இந்த எழுத்தாக இருக்கலாம், அந்த எழுத்தாகவும் இருக்கலாம் என்று வாய்ப்புகளைப் போடும். அதுவரைதான் காது. அப்புறம் முடிவெடுப்பது பழக்கம்: இதுவரை அதற்குக் கொடுத்த தமிழில் எந்தச் சொல்லுக்குப் பின்னால் எந்தச் சொல் அதிகம் வந்தது என்ற பழக்கம். அந்தத் தமிழ் எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் இணையத்தில் கிடக்கும் எழுத்துத் தமிழ், செய்தி, வசன வரிகள், யாரோ மைக் முன்னால் உட்கார்ந்து வாசித்துக் கொடுத்த வாக்கியங்கள். அதனால் நீங்கள் “அங்கிட்டு” என்று சொன்னால் அதற்குக் கேட்காமல் இல்லை. கேட்கிறது, ஆனால் நம்ப மாட்டேன் என்கிறது. தனக்குத் தெரிந்த “அங்கு விட்டு” என்பதில் போய் விழுகிறது.

1952-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் செய்த ஆட்ரி என்ற இயந்திரத்துக்குப் பூஜ்யம் முதல் ஒன்பது வரை எண்கள் மட்டும்தான் புரியும், அதுவும் பழகிய குரலில் சொன்னால்தான். கூகுளின் குரல் தட்டச்சில் தமிழ் சேர்ந்தது 2017-ல். 2022 செப்டம்பரில் வந்த விஸ்பர் என்ற, பேச்சை எழுத்தாக்கும் மென்பொருளுக்கு 6,80,000 மணி நேர ஒலியைக் கொடுத்துப் பயிற்சி தந்தார்கள். ஆனால் அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஆங்கிலம். மீதியைத் தொண்ணூற்றுச் சொச்சம் மொழிகள் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும், அதில் ஒன்று தமிழ், அந்தத் தமிழுக்குள் ஒரு மூலையில் மேலூர். சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழு 22 இந்திய மொழிகளில், பெரும்பாலும் வாசிப்பாக இல்லாமல் இயல்பாகப் பேச வைத்துக் குரல் சேகரித்து 2024-ல் வெளியிட்டது. இந்த மாதிரி வேலைகள் வளர வளர நிலைமை மாறும். இப்போதைக்கு, செய்தி வாசிப்பவர் மாதிரி பேசினால் நன்றாக வருகிறது என்று நீங்கள் கண்டுபிடித்தது சரியான கண்டுபிடிப்புதான். அது வாசிப்பைக் கேட்டு வளர்ந்த பிள்ளை.

சரி, தப்பு வந்தால் திருத்திக்கொள்ளலாமே, என்ன பிரச்சினை என்று கேட்பீர்கள். சில தப்புகள் தப்பு மாதிரியே தெரியாது, அதுதான் பிரச்சினை. “அதுதேன்” என்று சொல்லி, போன் “அது தேன்” என்று எழுதினால் சிரித்துவிட்டுத் திருத்திவிடுவீர்கள். ஆனால் ஆட்டைத் திருடிக்கொண்டு போனவர்களைப் பற்றி உங்கள் அப்பத்தா “அவய்ங்க ராவோட ராவா வந்தாய்ங்க, புடிச்சுட்டுப் போய்ட்டாய்ங்க” என்று சொல்லி, அது “அவங்க வந்தாங்க, பிடிச்சிட்டுப் போயிட்டாங்க” என்று திரையில் வந்தால்? படிக்க ஒரு குறையும் தெரியாது. ஆனால் திருட்டுப் பயல்களுக்கு மரியாதை வந்துவிட்டது. நம் பக்கத்தில் அவங்க வேறு, அவய்ங்க வேறு. பன்மையும் வேண்டும், மரியாதையும் கூடாது என்கிற இடத்துக்காகவே நம் ஆட்கள் வைத்திருக்கும் வடிவம் அது. சில சமயம் அதில் செல்லம் இருக்கும், சில சமயம் எகத்தாளம். எழுத்துத் தமிழில் அதற்கு ஈடாக ஒன்றும் கிடையாது. இயந்திரம் அதைப் பிழை என்று நினைத்துச் சீர் செய்கிறது, கதை சொல்லும் ஆளின் கோபம் அங்கேயே அணைந்துவிடுகிறது.

இன்னொன்று. “வந்தா” என்று சொல்கிறோம். “அவ வந்தா” என்றால் ஒரு பெண் வந்தாள். “மழை வந்தா” என்றால் மழை வந்தால். “அவன் வந்தான்” என்பதையும் பேச்சில் கடைசி ‘ன்’ முழுசாகச் சொல்வதில்லை, மூக்கோடு விட்டுவிடுகிறோம். மூன்றும் காதுக்குப் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். எதிரில் உட்கார்ந்திருப்பவருக்கு யாரைப் பற்றிப் பேச்சு என்று தெரியும், குழப்பமே வராது. விஸ்பர் போன்றவை 30 வினாடித் துண்டுகளாக எடுத்துத்தான் எழுதுகின்றன. நாலு பக்கத்துக்கு முன்னால் அறிமுகமான ஆள் ஆணா பெண்ணா என்று அதற்கு என்ன தெரியும்? உங்கள் கதையில் ஒருத்தி பாதி வழியில் ஒருத்தனாகிவிட்டுத் திரும்பி வருவாள். இந்த இடங்களைக் கண்ணால் மட்டும் படித்துப் பிடிக்க முடியாது, ஒலியோடு சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் பிடிபடும்.

அதனால் தினமும் போன் முன்னால் பேசுகிறவர்களுக்கு என்ன ஆகிறது என்றால், அதற்குப் புரிகிற மாதிரி தானாகவே மாற ஆரம்பித்துவிடுகிறார்கள். அங்கிட்டு என்று சொல்ல வாய் வரும், சரியாக விழாது என்று ‘அந்தப் பக்கம்’ என்பார்கள். அம்புட்டு என்பது அவ்வளவு ஆகும், வெரசா என்பது சீக்கிரம் ஆகும். யாரும் கட்டாயப்படுத்தவில்லை, திருத்தும் வேலை மிச்சம் என்று நாமே விட்டுக்கொடுக்கிறோம். நான் பயப்படுவது இதற்குத்தான். இயந்திரத்தின் தப்பு ஒரு பெரிய விஷயமே இல்லை. அதன் தப்புக்குப் பயந்து நம் வாய் திருந்திவிடுவதுதான் விஷயம்.

அப்புறம் இந்த ‘ம்’ சமாச்சாரம். வீட்டில் கதை கேட்பவர் உம் கொட்ட வேண்டும், இல்லாவிட்டால் சொல்பவர் நிறுத்திவிடுவார். “என்ன, தூங்கிட்டியா?” என்று கேட்பார். அது வெறும் சம்பிரதாயம் இல்லை. அந்த ‘ம்’ எவ்வளவு சீக்கிரம் வருகிறது, எந்தச் சுருதியில் வருகிறது என்று பார்த்துத்தான் அவர் அடுத்த வரியைச் சொல்கிறார். இழுவையாக வந்தால் சட்டென்று பேயைக் கொண்டு வருவார். வேகமாக வந்தால் வேண்டுமென்றே நிறுத்தி, வெற்றிலையை மடித்து, காக்க வைப்பார். போன் உம் கொட்டாது. அது போதாதென்று, வாய்ஸ் டைப்பிங்கில் சில வினாடி சும்மா இருந்தால் மைக் தானாக அணைந்துவிடுகிறது. கதையில் நிறுத்துகிற இடம்தான் உச்சம், அந்த இடத்தில் இது கடையைச் சாத்துகிறது. மௌனத்துக்குப் பயந்துகொண்டு கதை சொன்னால் அது எப்படி இருக்கும்? மூச்சு விடாமல் ஒப்பிக்கிற மாதிரிதான் இருக்கும்.

நான் சொல்லும் வழி இதுதான்: கதையைப் போனுக்குச் சொல்லாதீர்கள், ஓர் ஆளுக்குச் சொல்லுங்கள். போன் பக்கத்தில் ரெக்கார்டராக மட்டும் இருக்கட்டும், திரை கீழே பார்த்தபடி. திரை தெரிந்தால் கண் அதில் விழும், ஒரு சொல் தப்பாக வந்ததைப் பார்த்ததும் கதை அறுந்துவிடும். கேட்பவர் தம்பியோ தங்கச்சியோ, டீக்கடை சிநேகிதனோ, யாராக இருந்தாலும் சரி, மெய்யாகவே கேட்கிறவராக இருந்தால் போதும். எழுத்தாக மாற்றுவதைப் பிறகு தனி வேலையாக வைத்துக்கொள்ளுங்கள்.

பேச உட்காரும் முன் கதையின் சட்டம், அதாவது எலும்புக்கூடு மட்டும் மனசில் இருக்க வேண்டும், வாக்கியங்கள் இருக்கக் கூடாது. இதற்கு நம் ஊரிலேயே நல்ல முன்னுதாரணம் இருக்கிறது. கோயில் கொடையில் விடிய விடிய நடக்கும் வள்ளி திருமணம் நாடகத்தைப் பார்த்திருப்பீர்கள். ஸ்பெஷல் நாடகம் என்பார்கள். முருகன் வேஷம் ஓர் ஊர், வள்ளி வேறோர் ஊர், நாரதர் இன்னோர் ஊர். ஒத்திகை கிடையாது, அன்றைக்கு ராத்திரி மேடையில்தான் சந்திக்கிறார்கள். 1918-ல் மதுரையில் பாலர் சபா தொடங்கிய சங்கரதாஸ் சுவாமிகள் போட்டுக் கொடுத்த சட்டமும் பாட்டும் எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் தர்க்கம் அங்கேயே பிறக்கிறது. எதிராளி என்ன கேட்கிறாரோ அதற்குப் பதில். பபூன் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, கூட்டம் சிரிக்கும் வரை துண்டை உதறிக்கொண்டு நிற்கிறார் பாருங்கள், அந்த நிற்றலை ஒரு தடவை ரெக்கார்ட் செய்து கேளுங்கள். எழுத்தில் பத்தி பிரிப்பது என்றால் என்ன என்று அதில் பாதி புரிந்துவிடும். வாயால் சொல்லும் கதை பாதியில் தடம் மாறிப் போவது பெரும்பாலும் சட்டம் இல்லாமல் பேசத் தொடங்குவதால்தான். யார், எங்கே, என்ன கெட்டுப்போனது, எதில் முடிகிறது: இவ்வளவு ஒரு துண்டுச் சீட்டில் போதும்.

இனி எழுத்தாக்குவது. ஒரு மணி நேரப் பேச்சை அப்படியே கையால் எழுத ஐந்தாறு மணி நேரம் ஆகும், சும்மா இல்லை. மென்பொருள் இங்கேதான் உதவும். பதிவை அதில் கொடுத்து ஒரு முரட்டுப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். அதைக் கதை என்று நினைக்காதீர்கள், எந்த நிமிஷத்தில் என்ன பேச்சு என்று காட்டும் அட்டவணை என்று நினையுங்கள். பிறகு ஹெட்போன் போட்டு, வேகத்தைக் கொஞ்சம் குறைத்து, கேட்டுக்கொண்டே நீங்களே திருத்தி எழுதுங்கள். டைப்பிங் மெதுவாக வருகிறதே என்று கவலை வேண்டாம், இந்தக் கட்டத்தில் மெதுவாக இருப்பது நல்லதுதான். விஸ்பரைக் கம்ப்யூட்டரில் ஓட்டத் தெரிந்த நண்பர் இருந்தால் இன்னொரு வசதி: தொடக்கக் குறிப்பு என்று நாலைந்து வரி முன்கூட்டிக் கொடுக்கலாம். அதில் அங்கிட்டு, இங்கிட்டு, வந்தாய்ங்க என்று உங்கள் வழக்கிலேயே எழுதிக் கொடுத்தால், முழுசாக இல்லாவிட்டாலும் ஓரளவு அந்தப் பக்கம் சாய்ந்து எழுதும்.

இரண்டு எச்சரிக்கை. நீண்ட மௌனம் வந்தால் இந்த மென்பொருள் சில சமயம் யாரும் சொல்லாத வாக்கியத்தைத் தானாகப் புனைந்து எழுதிவிடும். புனைகதை எழுதுவது நீங்களா அதுவா என்கிற குழப்பம் வேண்டாம், சந்தேகம் வரும் வரியை ஒலியில் போய்ப் பாருங்கள். அடுத்தது, “அது வந்து”, “என்னமோ”, ஒரே சொல்லை இரண்டு தடவை சொல்வது, இவற்றையெல்லாம் அது கழித்துக்கட்டப் பார்க்கும். பாதி கழிக்க வேண்டியதுதான். ஆனால் “ஓடுறான் ஓடுறான் ஓடிக்கிட்டே இருக்கான்” என்று அப்பத்தா மூன்று தடவை சொன்னது தடுமாற்றம் இல்லை, அது தூரம். அதை மறுபடி உள்ளே வைத்துவிடுங்கள்.

வட்டார வழக்கை எந்த அளவுக்கு எழுத்தில் விடுவது என்பது உங்கள் கேள்வியில் இல்லை, ஆனால் அடுத்து அங்கேதான் வந்து நிற்பீர்கள். என் கட்சி இது. இலக்கணமும் சொல்லும் அப்படியே இருக்கட்டும், உச்சரிப்பை முழுசாகக் கொண்டுவர வேண்டாம். வந்தாய்ங்க என்பது இலக்கணம், தொடக் கூடாது. அங்கிட்டு, அம்புட்டு, வெரசா, ஒசக்க எல்லாம் சொற்கள், இருக்கட்டும். ஆனால் நம் பக்கத்தில் பலருக்கு ழகரம் ளகரமாக வருகிறது என்பதற்காகக் கோளி, பளம், மள என்று பக்கம் பூராவும் எழுதினால், படிப்பவர் ஆளைப் பார்க்க மாட்டார், எழுத்துப் பிழையைத்தான் பார்ப்பார். அதோடு, அப்படிப் பேசுகிற ஆளை நக்கல் பண்ணுகிற மாதிரியும் ஆகிவிடும். இந்த விஷயத்தில் இயந்திரம் கோளியைக் கோழி என்று திருத்துவது உங்களுக்கு லாபம்தான், விட்டுவிடுங்கள். அவய்ங்க என்று எழுதுவதா, அவிங்க என்பதா, அவிய்ங்க என்பதா என்பதற்குச் சட்டம் ஒன்றும் கிடையாது. உங்கள் ஊர்க் காதுக்கு எது சரியோ அதைப் பிடியுங்கள், கதை முடியும் வரை மாற்றாதீர்கள்.

குரலில் இருந்து தாளுக்கு வரும்போது எது கட்டாயம் தொலையும் என்றும் தெரிந்திருக்க வேண்டும். பட்டிமன்றத்தில் அரங்கமே அதிரச் சிரித்த பேச்சை எழுத்தில் படித்தால் சப்பென்று இருக்கும், கவனித்திருப்பீர்கள். “சரித்தேன்” என்று நம் ஆள் சொல்வதில் சம்மதம் இருக்கலாம், நீ கிழித்தாய் போ என்பதும் இருக்கலாம். குரல் போனபின் அதை எழுத்தில் சம்பாதிக்க வேண்டும். “என்று கிண்டலாகச் சொன்னான்” என்று போடுவது சோம்பேறி வழி. கேட்டவன் என்ன செய்தான் என்று எழுதுங்கள். சட்டைக் கையை மடித்தானா, தலையைக் குனிந்தானா, அதிலேயே தொனி தெரிந்துவிடும்.

எழுதி முடித்ததும், போனில் இருக்கும் வாசிக்கும் வசதியைப் போட்டு அதையே கதையைப் படிக்கச் சொல்லுங்கள். ஏற்ற இறக்கம் இல்லாமல், ஒரே மாதிரி படிக்கும். அந்த வறட்டுக் குரலிலும் இது அப்பத்தா பேச்சு, இது ஆட்டுக்காரன் பேச்சு என்று பிரிந்து கேட்டால், உங்கள் வசனம் தேறிவிட்டது என்று அர்த்தம். யார் பேசுவது என்றே தெரியாமல் எல்லாம் ஒரே குரலாகக் கேட்டால் வேலை பாக்கி இருக்கிறது. நாமே படித்துப் பார்த்தால் இது பிடிபடாது, நம் வாய் நமக்கே தெரியாமல் உயிர் கொடுத்துவிடும். நிறுத்தக்குறி விட்டுப்போன இடமும் அப்போதே தெரிந்துவிடும். தமிழில் அவற்றைப் பெரும்பாலும் நீங்களேதான் போட வேண்டியிருக்கும்.

அப்பத்தா கதைகளுக்கு மட்டும் ஒரு வார்த்தை. பதிவு செய்கிறேன் என்று சொல்லிவிட்டுப் பதிவு செய்யுங்கள். ஊரில் உயிரோடு இருக்கிறவர்களைப் பற்றி அவர் சொல்வது எல்லாம் இருக்கும், நிலத் தகராறு, கல்யாண வம்பு என்று. பல செயலிகள் ஒலியை எங்கோ இருக்கும் சர்வருக்கு அனுப்பித்தான் எழுத்தாக்குகின்றன. அப்படிப்பட்ட பேச்சை அங்கே ஏற்றாமல், இணையம் இல்லாமல் கம்ப்யூட்டரிலேயே ஓடும் வகையில் கொடுங்கள். கதையை வெளியிடும்போது அவர் சொன்னது எது, நீங்கள் சேர்த்தது எது என்பதை ஒரு வரியில் குறிப்பிடலாம், அவருக்குச் சம்மதமானால் பெயரோடு. மூல ஒலியை மட்டும் அழிக்காதீர்கள். கோப்பின் பெயரிலேயே சொன்னவர், ஊர், தேதி மூன்றும் இருக்கட்டும். இன்றைக்குத் தப்பாக எழுதும் மென்பொருள் நாலு வருஷம் கழித்து அதே பதிவைச் சரியாக எழுதக்கூடும், ஒலி இல்லாவிட்டால் அதற்கு வழியே இல்லை.

மைக் இப்போது வாங்க வேண்டாம். போனிலேயே ரெக்கார்டர் இருக்கும். பேசுபவர் வாயிலிருந்து ஒரு சாண், இரண்டு சாண் தூரத்தில், துணி விரித்த கட்டிலிலோ பாயிலோ வையுங்கள், கையில் பிடிக்க வேண்டாம், உரசல் விழும். ஃபேனை நிறுத்துங்கள், மிக்ஸி ஓடும் நேரத்தைத் தவிர்த்துவிடுங்கள். ஆடி மாசத்தில் மட்டும் முயற்சியே செய்யாதீர்கள், கோயில் மைக் செட்டில் ஓடும் பாட்டையும் சேர்த்து அப்பத்தா வாயில் போட்டுவிடும்.